ஸ்க்ரம் கைடு: 13 பக்கம், இலவசம், ஆனால் நம் சேர்க்கைகளை எங்கே எழுதுவது?

போன வருடம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு டெஸ்டர், காலை ஸ்டேண்ட்-அப் (தினமும் நடக்கும் சின்னக் கூட்டம், கைடில் அதன் பெயர் டெய்லி ஸ்க்ரம்) முடிந்ததும் என் மேசைக்கு வந்தார். "அண்ணா, நேத்து என்ன செஞ்சேன், இன்னைக்கு என்ன செய்யப்போறேன், என்ன தடங்கல்னு தினமும் மூணு கேள்வி கேக்குறோமே, அது கைடுல எந்தப் பக்கத்துல இருக்கு? நான் ரெண்டு தடவை படிச்சுட்டேன், காணோமே" என்றார். காணாதுதான். 2020 நவம்பரில் வந்த பதிப்பில் அந்த மூன்று கேள்விகளை எடுத்துவிட்டார்கள். எடுத்தது எனக்கும் தெரியும், இருந்தாலும் பழக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்தோம். அன்று மாலை வீட்டுக்குப் போய் கைடின் பழைய பதிப்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன், எதை எப்போது சேர்த்தார்கள், எதை எப்போது எடுத்தார்கள் என்று. பத்து வருடமாக இதை வைத்துத்தான் வேலை செய்கிறேன், ஆனால் இப்படி வரிசையாகப் படித்தது அன்றுதான். இந்த விமர்சனம் அந்த வாசிப்பிலிருந்து வந்தது.

தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. ஸ்க்ரம் என்பது மென்பொருள் டீம்கள் பெரிய வேலையைச் சின்னச் சின்னக் காலத் துண்டுகளாக (ஒவ்வொன்றும் ஒரு ஸ்பிரிண்ட்) வெட்டி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் பயன்படுத்தக்கூடிய ஏதோ ஒன்றைக் கையில் கொடுத்து, பார்த்து, திருத்திக்கொண்டு போகும் முறை. கென் ஸ்வேபரும் ஜெஃப் சதர்லாண்டும் 1995-ல் ஊப்ஸ்லா என்ற மென்பொருள் மாநாட்டில் இதை முன்வைத்தார்கள். அதன் விதிகளை எழுதிய கைடு முதலில் வந்தது 2010-ல். அப்புறம் 2011, 2013, 2016, 2017, 2020 என்று திருத்திக்கொண்டே வந்தார்கள். ஸ்க்ரம்கைட்ஸ் டாட் ஆர்க் என்ற தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில். அதாவது, எழுதியவர்களின் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் வெளியிட்டால், யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றி எழுதிக்கொள்ளலாம். 2020 பதிப்பு 13 பக்கம்தான். அரை மணி நேரத்தில் முழுவதும் படித்துவிடலாம், படித்ததைச் செய்துபார்க்கத்தான் வருடங்கள் ஆகும்.

அதில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். யூசர் ஸ்டோரி (பயனருக்கு என்ன வேண்டும் என்று எழுதும் சின்னக் குறிப்பு) இல்லை. ஸ்டோரி பாயிண்ட் (ஒரு ஸ்டோரி எவ்வளவு பெரிய வேலை என்று டீம் போடும் எண்) இல்லை. வெலாசிட்டி (ஒரு ஸ்பிரிண்டில் டீம் முடிக்கும் வேலையின் அளவு) இல்லை. பிளானிங் போக்கர் (சீட்டுகளைக் காட்டி வேலையின் அளவைக் கணிப்பது) இல்லை. டெஃபினிஷன் ஆஃப் ரெடி (ஒரு வேலையை ஆரம்பிக்கும் முன் பார்க்க வேண்டியவற்றின் பட்டியல்) இல்லை, ஸ்பிரிண்ட் ஜீரோ (முதல் ஸ்பிரிண்டுக்கு முந்தைய ஆயத்தக் காலம்) இல்லை. மீதி வேலை எவ்வளவு என்று காட்டும் பர்ன்-டவுன் சார்ட்கூட "இப்படிச் சில வழிகள் உண்டு" என்று ஓர் உதாரணமாக ஒரே ஒரு வரியில் வந்து போகிறது. வேலைக்கான நேர்காணலில் ஸ்க்ரம் என்ற பெயரில் நான் கேட்ட, என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் இந்தப் பட்டியலிலிருந்துதான் வந்தன. யூசர் ஸ்டோரி எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற இன்னொரு முறையிலிருந்து வந்தது. பிளானிங் போக்கரை 2002-ல் ஜேம்ஸ் கிரெனிங் எழுதினார், மைக் கோன் அதைப் பரப்பினார். இவை எல்லாமே டீம்கள், பயிற்சியாளர்கள், ஆலோசகர்கள் என்று பயன்படுத்தியவர்களே கொண்டுவந்து சேர்த்தவை. கைடு சின்னது, அதைச் சுற்றி வளர்ந்த சேர்க்கைகள்தான் பெரியவை. அதனால் சேர்க்கைகளை இந்த ஆவணம் எப்படிக் கையாள்கிறது என்பதை வைத்துத்தான் இதை மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

இதைப் பற்றி கைடு சொல்வது மூன்றே விஷயம். ஒன்று, இந்தச் சட்டகம் வேண்டுமென்றே முழுமையில்லாமல் விடப்பட்டிருக்கிறது. இரண்டு, இது மற்ற உத்திகளுக்கும் முறைகளுக்கும் ஒரு பாத்திரம் போல, உள்ளே எதை வேண்டுமானாலும் போட்டுச் சமைத்துக்கொள்ளலாம். மூன்று, பாத்திரத்தை மட்டும் மாற்றக் கூடாது. ஏதாவது ஒரு பகுதியை விட்டுவிட்டால் அது ஸ்க்ரம் இல்லை. இந்த மூன்றில் எடுப்பதைப் பற்றிக் கடுமையாகப் பேசுகிறார்கள், எடுத்தால் பிரச்சினைகள் மூடி மறைக்கப்படும், பலன் குறையும் என்று காரணத்தோடு எச்சரிக்கிறார்கள். சேர்ப்பதைப் பற்றி அந்தக் கடுமை இல்லை. போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எவ்வளவு போடலாம், போட்டது கெட்டுப்போனால் எப்போது வெளியே எடுப்பது, ஒரு வார்த்தை இல்லை.

இது வெறும் எழுத்துக் குறை இல்லை. டீம்கள் நாசமாவதை நான் பார்த்தது பெரும்பாலும் இந்தப் பக்கத்திலிருந்துதான்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) ஸ்க்ரமை அடிப்படையாக வைத்துச் சொந்தமாக ஒரு ஏஜைல் சட்டகம் வைத்திருந்தார்கள். நல்ல நோக்கத்தோடு ஆரம்பித்ததுதான், எந்த டீமும் அதில் புதிதாக ஒன்றைச் சேர்க்க முன்மொழியலாம், ஒரு படிவம் இருந்தது, நிரப்பி அனுப்பினால் மாதம் ஒருமுறை கூடும் குழு பார்த்து முடிவு சொல்லும். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பவே பிடித்திருந்தது. நானே இரண்டு முன்மொழிவுகள் அனுப்பினேன், இரண்டும் ஏற்கப்பட்டன. படிவத்தில் "இதனால் என்ன நன்மை" என்று ஒரு பெட்டி இருந்தது, "எந்த டீமில் செய்துபார்த்தீர்கள்" என்று ஒன்று இருந்தது. "இதற்குப் பதிலாக எதை நிறுத்துவோம்" என்று ஒரு பெட்டி இல்லை. அவ்வளவுதான் தப்பு. நன்மை இல்லாத யோசனையை யாரும் அனுப்புவதில்லை, அதனால் வருவதெல்லாம் நல்ல யோசனைகள், நல்ல யோசனையை மறுக்கக் குழுவிடம் காரணம் கிடையாது. இரண்டு வருடத்தில் ஒரு ஸ்டோரி டெவலப்பர் கைக்கு வருவதற்குள் டெஃபினிஷன் ஆஃப் ரெடியில் பதினாறு டிக் போட வேண்டியிருந்தது. அதில் ஒன்று நான் முன்மொழிந்தது.

அந்தப் பதினாறில் தனியாக எடுத்துப் பார்த்தால் தப்பான வரி ஒன்றுகூட இல்லை. அக்சஸிபிலிட்டி பார்த்தாயிற்றா, செக்யூரிட்டி பார்த்தாயிற்றா, டிசைன் கையெழுத்தாயிற்றா, மற்ற டீம்களைக் கேட்டாயிற்றா, எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் எல்லாம் சேர்ந்து, வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்ற பழைய பாணிக்கு எங்களைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டன. எதைத் தவிர்க்க ஸ்க்ரமுக்கு வந்தோமோ அங்கேயே திரும்பப் போய்விட்டோம். கைடில் இருந்து ஒரு பகுதியைக்கூட நாங்கள் எடுக்கவில்லை, அது சொல்லும் ஐந்து நிகழ்வுகளும் நடந்தன, மூன்று பொறுப்புகளுக்கும் (எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் புராடக்ட் ஓனர், முறை சரியாக நடக்கப் பார்த்துக்கொள்ளும் ஸ்க்ரம் மாஸ்டர், வேலையைச் செய்யும் டெவலப்பர்கள்) ஆள் இருந்தார்கள், ஆகவே கைடின் கணக்கில் நாங்கள் ஸ்க்ரம்தான் செய்துகொண்டிருந்தோம். இந்த ஒன்றை யோசித்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. அந்த ஆவணத்தில் எங்களை நிறுத்தும்படி ஒரு வரி இருந்திருக்கலாம்.

சரி, இப்போது இதன் நல்ல பக்கம். அந்த வரி கைடுக்குள் இல்லை, ஆனால் கைடின் திருத்த வரலாற்றில் இருக்கிறது. அதைப் படித்த அன்றிலிருந்து இந்த ஆவணத்தின் மேல் மரியாதை கூடிவிட்டது.

2011-ல் என்ன செய்தார்கள் பாருங்கள். ரிலீஸ் பிளானிங்கை எடுத்தார்கள். பர்ன்-டவுன் சார்ட் கட்டாயம் என்றிருந்ததை எடுத்தார்கள். ஸ்பிரிண்டில் எவ்வளவு முடிப்போம் என்பதை டீமின் வாக்குறுதி என்று சொல்லாமல் கணிப்பு என்று மாற்றினார்கள். அந்த ஒரு சொல் மாற்றத்துக்காகவே அவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம், ஏனென்றால் "நீங்கதானே வாக்குக் கொடுத்தீங்க" என்று சொல்லி ராத்திரி பதினோரு மணிவரை உட்காரவைக்கப்பட்ட டீம்கள் எத்தனையோ. அதே வருடம்தான் கென் ஸ்வேபர், ஸ்க்ரம் இனி மாற்றத்துக்கும் விரிவாக்கத்துக்கும் திறந்திருக்கிறது, பயன்படுத்துபவர்களே முன்மொழியலாம் என்று அறிவித்தார். மையத்தை மாற்றுவது வேறு, மையத்தைத் தொடாமல் பக்கத்தில் ஒரு விரிவாக்கத்தை வைப்பது வேறு என்று அவர் இரண்டையும் பிரித்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தப் பிரிவு அந்த நிறுவனத்தின் குழுவுக்குத் தெரிந்திருந்தால் என் பதினாறு டிக் கதை நடந்திருக்காது. அந்தப் பட்டியல் எல்லா டீமுக்கும் விதியாக ஆகியிருக்க வேண்டியதில்லை, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளும் ஒரு பக்கமாக நின்றிருக்கும்.

மையத்துக்குள்ளேயே போன சேர்க்கைக்கு நல்ல உதாரணம் 2016. உறுதி, துணிவு, கவனம், திறந்த மனம், மரியாதை என்ற ஐந்து மதிப்புகள் அந்த ஜூலையில் கைடுக்குள் வந்தன. இவை புதிதாக யோசித்தவை அல்ல, 2001-லேயே ஸ்வேபரும் மைக் பீடிலும் எழுதியவை, பதினைந்து வருடம் வெளியே இருந்து, பயன்படுத்தியவர்கள் கேட்டுக் கேட்டு உள்ளே வந்தன. முதலில் படித்தபோது எனக்கு இது சுவரில் ஒட்டும் வாசகம் போலத் தோன்றியது. பிறகு ஒரு ரெட்ரோவில் (ஸ்பிரிண்ட் முடிவில் எப்படி வேலை செய்தோம் என்று திரும்பிப் பார்க்கும் கூட்டம்), ஒரு ஜூனியர் டெவலப்பர், தான் எழுதிய புரோகிராமில்தான் பிழை என்று எல்லார் முன்னாலும் சொன்னபோது, எங்கள் புராடக்ட் ஓனர் "துணிவுன்னு எழுதியிருக்காங்களே, அது இதுதான்" என்று சொன்னார். அதிலிருந்து அந்தப் பத்தியைப் பற்றி என் எண்ணம் மாறிவிட்டது. யாருடைய நேரத்தையும் தின்னாமல், ஒரு கூட்டத்தையும் கூட்டாமல், நடந்துகொண்டிருப்பதற்கு ஒரு பெயர் கொடுத்த சேர்க்கை அது.

2017-ல் சேர்த்ததற்கு நேர் எதிர் கதி. ரெட்ரோவில் கண்டுபிடித்த முன்னேற்றங்களில் முக்கியமான ஒன்றையாவது அடுத்த ஸ்பிரிண்ட் பேக்லாகில் (அந்த ஸ்பிரிண்டுக்கான வேலைப் பட்டியல்) கட்டாயம் வைக்க வேண்டும் என்று எழுதினார்கள். காரணம் நல்ல காரணம், ரெட்ரோவில் பேசிவிட்டு யாரும் எதுவும் செய்வதில்லை என்பது ஊரறிந்த குறை. நாங்களும் செய்தோம். முதல் மூன்று ஸ்பிரிண்ட் அருமையாகப் போனது, அப்புறம் விதிக்காக ஒன்று வைக்க வேண்டுமே என்று "டாக்குமெண்டேஷனை மேம்படுத்துதல்" மாதிரி எதையோ எழுதி வைத்து, முடித்ததாக நகர்த்த ஆரம்பித்தோம். 2020 பதிப்பில் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தி, வைக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். எங்களைப் போல நிறையப் பேருக்கு நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். மூன்று வருடத்தில் தாங்களே போட்ட விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

டெய்லி ஸ்க்ரமின் மூன்று கேள்விகளும் இப்படித்தான் படிப்படியாகப் போயின. முதலில் விதி. 2013-ல் ஸ்பிரிண்ட் கோலோடு (அந்த ஸ்பிரிண்டின் இலக்கு) சேர்த்துக் கட்டினார்கள். 2017-ல் வெறும் உதாரணம். 2020-ல் இல்லவே இல்லை. பேக்லாக் ரிஃபைன்மெண்டுக்கு (வரப்போகும் வேலைகளை உடைத்துத் தெளிவாக்குவது) டீமின் நேரத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் வழக்கமாகப் போகாது என்ற வரியும் 2020-ல் போய்விட்டது. ஆனால் அதே பதிப்பில் புராடக்ட் கோல் (தயாரிப்பின் நீண்டகால இலக்கு) என்ற ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள், ஸ்பிரிண்ட் பிளானிங்கில் இந்த ஸ்பிரிண்ட் எதற்கு என்ற கேள்வியைச் சேர்த்தார்கள், இவ்வளவும் சேர்த்த பிறகும் 2017-ல் 19 பக்கமாக இருந்தது 13 ஆகச் சுருங்கியிருக்கிறது. சேர்க்கும்போதே சுருங்கும் ஆவணத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எங்கள் நிறுவனங்களின் பாலிசி கோப்புகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இனி குறை. மேலே நான் சொன்ன பாடங்கள் எதுவும் 13 பக்கத்துக்குள் இல்லை, பழைய பதிப்புகளைத் தேடி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் கிடைக்கும். புதிதாக ஸ்க்ரம் மாஸ்டர் ஆகிறவர் யார் அதைச் செய்யப்போகிறார்? கடைசிப் பக்கத்தில், ஸ்க்ரமுக்குப் பங்களித்த ஆயிரக்கணக்கானோரைப் பற்றிச் சொல்லிவிட்டு, ஆரம்பத்தில் உடன் இருந்த சிலரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அடுத்து ஒருவர் பங்களிக்க நினைத்தால் எந்த வாசலைத் தட்ட வேண்டும், எப்படிப்பட்ட முன்மொழிவு மையத்துக்குள் போகும், எது வெளியே நிற்கும் என்று ஒரு பத்தி இல்லை. முடிவு இரண்டு பேர் கையில் இருக்கிறது. இரண்டு பேர் கையில் இருப்பதால்தான் அது 13 பக்கமாக இருக்கிறது என்று நினைக்கிறேன், அதனால் அதை மாற்றச் சொல்லவில்லை. எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதை எழுதிவைத்தால் போதும், அதைப் பார்த்து நாங்கள் எங்கள் டீமுக்குள் செய்துகொள்வோம்.

சின்னக் குறை இன்னொன்று, டெவலப்பர்கள் என்ற சொல். டெஸ்டர், டிசைனர், அனலிஸ்ட் எல்லாரும் அதற்குள் அடக்கம் என்று விளக்கிச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டியிருக்கிறது, நான் சேர்ந்த ஒவ்வொரு டீமிலும் முதல் வாரம் இந்த விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

மற்ற மூலங்களும் ஸ்க்ரமுக்குத் துணையாக உண்டு என்று கைடு ஒரு வரி சொல்கிறது, பெயர் சொல்லவில்லை. நான் பயன்படுத்தியதில் இரண்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு சேர்க்கையை எப்படி முன்மொழிய வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவை இவைதான்.

முதலாவது, 2018-ல் ஸ்க்ரம் டாட் ஆர்க் என்ற அமைப்பு வெளியிட்ட, ஸ்க்ரம் டீம்களுக்கான கான்பன் (வேலை தேங்காமல் நகர்கிறதா என்று பார்க்கும் முறை) கைடு. ஸ்க்ரமில் எதையும் மாற்றாமல் அதன் பக்கத்தில் உட்காரும் சின்ன ஆவணம். ஒரே சமயத்தில் எத்தனை வேலைகள் திறந்திருக்கின்றன, ஒன்று முடிய எத்தனை நாள், இன்னும் முடியாத வேலைக்கு இன்று எத்தனை நாள் வயது, ஒரு காலத்துக்குள் எத்தனை முடிகின்றன என்ற நான்கு அளவுகளைப் பார்க்கச் சொல்கிறது. எங்களுக்கு மூன்றாவது மட்டும் போதுமாக இருந்தது. வேலைகளைக் கார்டுகளாக ஒட்டிவைத்த போர்டில் ஒவ்வொரு கார்டின் மூலையிலும் அதன் வயதை எழுத ஆரம்பித்தோம். அவ்வளவுதான், டெய்லி ஸ்க்ரமின் பேச்சே மாறிவிட்டது. "நான் அதில் வேலை செய்துகொண்டிருக்கிறேன்" என்று ஆள் வாரியாகச் சொல்வதை விட்டு, "இந்தக் கார்டுக்கு ஒன்பது நாள் ஆயிற்று, யார் கைகொடுப்பது" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்த மூன்று கேள்விகள் தானாகவே உதிர்ந்துபோனதற்கு இதுதான் காரணம், நான் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை. கேட்ட அந்த டெஸ்டர்தான் கார்டில் வயதை எழுதும் வேலையை முதலில் எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது, ஸ்க்ரம் பேட்டர்ன்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் பிரச்சினைகளுக்கான தீர்வு வடிவங்கள். சதர்லாண்ட், ஜேம்ஸ் கோப்லியன் உள்ளிட்டவர்கள் வருடக் கணக்கில் கூடிக் கூடி எழுதி, 2019-ல் 94 பேட்டர்ன்களாகப் புத்தகத்தில் வந்தது. என்ன சூழல், அங்கே எந்தெந்த அழுத்தங்கள் மோதுகின்றன, அதற்கு என்ன செய்வது, செய்தபின் நிலைமை எப்படி மாறும் என்ற வரிசையில் எழுதுகிறார்கள். ஒரு சேர்க்கையை முன்மொழிய இதைவிட நேர்மையான வடிவம் எனக்குத் தெரியாது, ஏனென்றால் சூழலை முதலில் எழுதிவிட்டால் அந்தச் சூழல் இல்லாத டீம் "இது எங்களுக்கு இல்லை" என்று தாண்டிப் போய்விடலாம்.

அதில் இல்லெஜிட்டிமஸ் நான் இன்டெரப்டஸ் என்று விளையாட்டுப் பெயர் வைத்த ஒரு பேட்டர்ன் எங்களைக் காப்பாற்றியது. ஸ்பிரிண்ட் நடுவில் வந்து விழும் சப்போர்ட் வேலைகளுக்கானது. முந்தைய ஸ்பிரிண்ட்களில் இப்படி எவ்வளவு நேரம் போனது என்று பார்த்து அந்த அளவுக்கு ஓர் இடத்தைத் தனியாக ஒதுக்க வேண்டும், வரும் எல்லாக் கோரிக்கையும் புராடக்ட் ஓனர் வழியாகவே வர வேண்டும், ஒதுக்கியது நிரம்பி வழிந்தால் ஸ்பிரிண்டைக் கலைத்துவிட்டுத் திரும்பத் திட்டமிட வேண்டும். நாங்கள் ஆறு பேர், இரண்டு வார ஸ்பிரிண்ட், மொத்தம் அறுபது ஆள்-நாள். அதற்கு முந்தைய மூன்று ஸ்பிரிண்டில் புரொடக்‌ஷன் டிக்கெட்களுக்கு மட்டும் பதினொன்று, பதினான்கு, பதினொன்று என்று போயிருந்தது. ஆகவே பன்னிரண்டு ஒதுக்கினோம். மீதி நாற்பத்தெட்டுக்குத்தான் திட்டம் போட்டோம். கிளையண்ட் பக்கத்து மேனேஜர் முதலில் "பன்னிரண்டு நாள் சும்மாவா" என்று கேட்டார், மூன்று ஸ்பிரிண்டின் கணக்கை நீட்டியதும் ஒத்துக்கொண்டார்.

இதில் ஓர் இடத்தில் மட்டும் கைடோடு உரசல் வந்தது. ஸ்பிரிண்டை ரத்துசெய்யும் அதிகாரம் புராடக்ட் ஓனருக்கு மட்டும்தான், அதுவும் ஸ்பிரிண்ட் கோல் அர்த்தமில்லாமல் போனால் என்று கைடு சொல்கிறது. பேட்டர்னோ இடம் நிரம்பினால் தானாகக் கலைந்துவிட வேண்டும் என்கிறது. நாங்கள் ஒரு மணி நேரம் வாதாடி, தானாகக் கலைவது என்ற பகுதியை மட்டும் மாற்றிக்கொண்டோம்: பன்னிரண்டு தாண்டிய அன்றே புராடக்ட் ஓனரை உட்காரவைத்து ஸ்பிரிண்ட் கோல் இன்னும் எட்டக்கூடியதா என்று கேட்பது, முடிவு அவருடையது. ஒரு சேர்க்கை மையத்தோடு மோதினால் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று அன்று தெளிவாகத் தெரிந்தது, கைடு அசையாமல் நின்றதால்தான் தெரிந்தது. மாற்றக் கூடாது என்ற அந்தப் பிடிவாதத்தின் பயன் இதுதான்.

2025-ல் ரால்ஃப் ஜோகம், ஜான் கோல்மன், சதர்லாண்ட் மூவரும் சேர்ந்து ஸ்க்ரம் கைடு எக்ஸ்பேன்ஷன் பேக் என்று ஒன்றை வெளியிட்டார்கள், கைடைச் சுற்றி நிறைய விளக்கங்களும் புதுக் கருத்துகளும் சேர்த்து. அதில் வேலை முடிந்தது என்பதையும் விளைவு கிடைத்தது என்பதையும் இரண்டு வரையறைகளாகப் பிரித்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தப் பிரிவு மட்டும் தனியாக இரண்டு பக்கத்தில் வந்திருந்தால் நாளைக்கே டீமுக்குக் கொடுத்திருப்பேன். மொத்தமாகப் புது டீம் கையில் கொடுக்க மாட்டேன், அளவு அதிகம், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் தவிப்பார்கள். அனுபவம் உள்ளவர்கள் அலமாரியில் வைத்து வேண்டும்போது புரட்டலாம்.

இதெல்லாம் பார்த்துவிட்டு எங்கள் டீமில் "நம் சேர்க்கைகள்" என்று ஒரே ஒரு பக்கம் வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம், டெஸ்டரோ டிசைனரோ, சேர்ந்து ஒரு வாரம் ஆனவரோ. எழுதும்போது, போன இரண்டு ஸ்பிரிண்டில் இந்தப் பிரச்சினை நிஜமாக நடந்த ஒரு நாளைக் குறிப்பிட வேண்டும், "நடக்கலாம்" என்று எழுதினால் எடுத்துக்கொள்வதில்லை. எந்தத் தேதியில் இது தானாக விழுந்துவிடும் என்று போட வேண்டும், வழக்கமாக மூன்று ஸ்பிரிண்ட். அந்தத் தேதியில் ரெட்ரோவில் யாராவது எழுந்து இது வேண்டும் என்று காரணத்தோடு சொன்னால்தான் நீடிக்கும், யாரும் பேசவில்லை என்றால் அழித்துவிடுவோம். பக்கம் ஒரு திரைக்கு மேல் நீளக் கூடாது. பல டீம்கள் சேர்ந்து ஸ்க்ரம் செய்வதற்கான லெஸ் என்ற சட்டகத்தை எழுதிய கிரெய்க் லார்மனும் பாஸ் வொடேயும் தங்கள் யோசனைகளுக்கு "செய்துபாருங்கள்", "தவிருங்கள்" என்றே தலைப்பு வைத்தார்கள், விதி என்று வைக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் நாங்களும் எல்லா வரியையும் "செய்துபார்ப்போம்" என்று முடிக்கிறோம். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும், ஆனால் செய்துபார்ப்போம் என்று எழுதியதை அழிக்கும்போது யாருக்கும் மனம் நோவதில்லை.

கைடுக்கு நானே ஒன்றை முன்மொழியலாம் என்றால் இதைத்தான் முன்மொழிவேன். பாத்திரம் என்று சொல்லும் அந்த வரிக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு வரி: உள்ளே போடும் ஒவ்வொன்றையும் அவ்வப்போது சோதியுங்கள், உதவாததை வெளியே எடுங்கள். சோதித்துப் பார்த்துத் தகவமைத்துக்கொள்வதுதான் ஸ்க்ரமின் அடித்தளமே, அதைச் சேர்க்கைகளுக்கும் பொருத்தச் சொல்கிறேன், புதிதாக எதையும் சொல்லவில்லை. இருபது சொற்களுக்குள் அடங்கும். 13 பக்கம் 13 பக்கமாகவே இருக்கும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு. இலவசம் என்பதற்காகக் கொடுக்கவில்லை, காசு வைத்தாலும் வாங்கியிருப்பேன். எடுத்துப் படிக்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், 2020 பதிப்பைப் படித்த கையோடு 2017 பதிப்பையும் எடுத்து, இரண்டுக்கும் நடுவில் எவையெல்லாம் காணாமல் போயின என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். சான்றிதழ்த் தேர்வுக்குத் தயார் செய்கிறவர்களுக்கும் இது உதவும், பழைய பதிப்பை வைத்து எழுதப்பட்ட மாதிரிக் கேள்விகள் நிறையச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் பக்கத்தில் இப்போது மூன்று வரிகள் இருக்கின்றன. கார்டு வயது, சப்போர்ட்டுக்கு ஒதுக்கும் பன்னிரண்டு நாள், வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு ரிலீஸ் செய்யாமல் பார்ப்போம் என்று ஒன்று. இரண்டாவதன் தேதி இந்த ஸ்பிரிண்டோடு முடிகிறது. போன இரண்டு ஸ்பிரிண்டில் ஐந்து நாள்கூடச் செலவாகவில்லை, எடுத்துவிடலாம் என்பது அந்த டெஸ்டரின் வாதம். அடுத்த மாதம் பெரிய ரிலீஸ் இருக்கிறது, அதுவரை வைத்துக்கொள்ளலாம் என்பது என் வாதம். வியாழக்கிழமை ரெட்ரோவில் பேசுகிறோம்.